நெஞ்சு வலியும் விலா வலியும்

நெஞ்சு என்னும் சொல் தமிழில் மூன்று பொருளைத் தாங்கி நிற்பது. மார்புக்கும் அதுவே பெயர். உள்ளே துடிக்கும் இருதயத்துக்கும் அதுவே பெயர். எண்ணமும் துணிவும் குடியிருக்கும் மனத்துக்கும் அதுவே பெயர். புலவர்க்கு இது பெருஞ்செல்வம். நோயாளிக்கோ இதனால் ஒரு சங்கடம் உண்டு. 'நெஞ்சு வலிக்கிறது' என்று ஒருவர் சொன்னால், வலிப்பது மார்பின் சுவரா, அதன் உள்ளிருக்கும் இருதயமா என்பது அச்சொல்லால் விளங்குவதில்லை. ஆகவே கேட்போர், 'வாயுவாக இருக்கும்' என்று ஒதுக்கிவிடுகின்றனர். அல்லது 'மாரடைப்பு' என்று அலறிவிடுகின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவே அறிவுடைய வழி ஒன்று உண்டு. அதனை என் அனுபவத்தால் கற்றேன். நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதி ஈண்டு எழுதுகின்றேன்.

நான் வைத்தியன் அல்லேன். பள்ளியிறுதித் தேர்வில் தேறி, ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தவன். ஆதலால் இக்கட்டுரையில் வைத்தியர்கள் எனக்குச் சொன்னவையும், பின்னர் நான் விசாரித்துத் தெளிந்தவையுமே இடம் பெறுகின்றன.

ஓர் இரவு

சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் சித்தூரில் ஒரு மாலை வேளையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். வாயு என்றே வீட்டார் அனைவரும் எண்ணினோம். ஓமத் தண்ணீர் கொடுத்தோம், முதுகைத் தடவினோம். 'காலையில் பார்த்துக் கொள்ளலாம்' என்று அவரே சொல்லிப் படுத்தார். விடியுமுன் உயிர் பிரிந்தது. அன்று முதல் அச்சம் ஒன்று என்னுள் புகுந்து தங்கிவிட்டது.

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் எனக்குச் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு மாற்றல் வந்தது. சாலை வழியே ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான். ஆயினும் குடித்தனத்தைப் பெயர்த்து வைப்பது எத்தகைய வேலை என்பதை ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர் நன்கறிவர். அடைமழைக் காலமாதலால் இரு வாரங்களாக எனக்கு ஓயாத இருமல். அந்த நிலையிலேயே இரும்பு பீரோவை நண்பர்கள் இருவரோடு சேர்ந்து மாடிக்குத் தூக்கினேன். நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து கணிப்பொறியின் முன் குனிந்திருப்பவனுக்கு அது பழகாத வேலை.

மூன்றாம் நாள் இரவு, மார்பின் இடப்புறத்தில் கத்தியால் குத்துவது போன்ற வலி எழுந்தது. மூச்சை இழுத்தால் குத்தியது, புரண்டால் குத்தியது. விடியட்டும் என்று நான் சொல்ல வாயெடுக்குமுன் என் மனைவி, "என்னங்க, விடியட்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். மாமாவை நினைத்துப் பாருங்கள்" என்றாள். உறங்கும் குழந்தையைப் பக்கத்து வீட்டு அம்மையாரிடம் ஒப்படைத்துவிட்டு, அந்நேரத்திலேயே ஆட்டோ பிடித்து நகரத்து மருத்துவமனை ஒன்றை அடைந்தோம்.

அங்கிருந்த தெலுங்கு வைத்தியர் முதலிற் கேட்ட கேள்வி இன்றும் என் காதில் ஒலிக்கிறது. "குண்டெ நொப்பியா, பக்கடெமுக நொப்பியா?" குண்டெ என்பது இருதயம், பக்கடெமுக என்பது விலா எலும்பு. நான் தமிழில் 'நெஞ்சு' என்று ஒரே சொல்லில் அடக்கியதை அவர் இரண்டாகப் பிரித்துவிட்டார். எனக்கு விடை தெரியவில்லை. "அதைக் கண்டுபிடிப்பது என் வேலை, வந்தது நல்லது" என்று அவர் ஆறுதல் சொன்னார்.

இருதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் வரையும் ஈ.சி.ஜி. பரிசோதனையைச் சில நிமிடங்களில் எடுத்தனர். இரத்தம் எடுத்துச் சோதித்தனர். சில மணி நேரம் இருத்தி வைத்து மறுபடியும் சோதித்தனர். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று உடனே முடிவு கட்டலாகாது என்பதே அதற்குக் காரணம். எல்லாம் நலமென்று தெரிந்த பிறகே, வைத்தியர் தம் விரல் நுனியால் என் மார்பெலும்பின் ஓரத்தை மேலிருந்து கீழாக ஒவ்வோரிடமாக அழுத்திக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் நான் துள்ளி விழுந்தேன். "இதே வலிதானா?" என்றார். அதேதான். விலாக் குருத்தெலும்பில் அழற்சி என்றார்.

இந்நோய் யாது?

மனிதனுக்கு விலா எலும்புகள் 12 இணைகள். பின்புறம் அவை முதுகெலும்போடு பொருந்துகின்றன. முன்புறத்தில் மேலுள்ள 7 இணைகள், ஒவ்வொன்றும் தனக்குரிய குருத்தெலும்பின் வழியாக நடு மார்பெலும்பை அடைகின்றன. 8, 9, 10 ஆகியவை தத்தமக்கு மேலுள்ள குருத்தெலும்பைப் பற்றிக் கொள்கின்றன. எஞ்சிய இரண்டு இணைகளும் முன்புறம் எதனையும் பற்றாமல் நிற்பவை. குருத்தெலும்பு என்பது நம் காது மடலைப் போல் வளைந்து கொடுப்பது. அது இருப்பதனாலேயே மூச்சை இழுக்கும்போது மார்புக் கூடு விரிகிறது, விடும்போது சுருங்குகிறது.

இக்குருத்தெலும்புகள் எலும்போடு கூடும் இடத்தில் வலியும் அழற்சியும் உண்டாவதையே மருத்துவர்கள் 'காஸ்டோகாண்ட்ரைட்டிஸ்' என்கின்றனர். பெரும்பாலும் இரண்டாம் விலா முதல் ஐந்தாம் விலா வரையுள்ள இடங்களில், ஒரே சமயத்தில் பல மூட்டுகளில் அது காணும். தொட்டால் வலிக்கும்; கண்ணுக்குத் தெரியும் வீக்கம் இராது. வீக்கத்தோடு கூடிய இன்னொரு வகை உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் டீட்ஸே என்னும் அறுவை மருத்துவர் 1921ஆம் ஆண்டில் அதனை விவரித்தார். அதனால் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அது பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் விலாவில் ஒரே இடத்தில் தோன்றுவது.

நீடித்த இருமல், பழகாத பளு தூக்குதல், மார்பில் அடிபடுதல், ஒரே விதமாகக் கைகளை ஓயாது இயக்கும் வேலை ஆகியவற்றின் பின் இவ்வலி வருவதுண்டு. காரணம் ஒன்றும் புலப்படாமல் வருவதும் மிகுதி. என் வரையில் இருமலும் பீரோவும் கூட்டுச் சேர்ந்தன போலும்!

இந்நோய் உயிருக்கு ஆபத்தில்லாதது. பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தானே தணிந்துவிடுகிறது. ஆயின் கால் எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டு அசையாமல் வைப்பது போல் மார்புக்கு ஓய்வு கொடுக்க இயலாது. நிமிடத்துக்கு 15 மூச்சு என்று கொண்டால், ஒரு நாளைக்கு 21,600 முறை இம்மூட்டுகள் அசைந்தாக வேண்டும். ஆதலின் குணமாவதற்குக் காலம் பிடிக்கிறது, பொறுமை வேண்டும்.

அச்சம் செய்த கேடு

இருதயம் நலமே என்று கேட்டு நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மாறாக நடந்ததை வெட்கத்தை விட்டு எழுதுகின்றேன். வைத்தியர் தவறாகச் சொல்லியிருப்பாரோ என்னும் ஐயம் என்னைப் பற்றிக்கொண்டது. மூச்சை ஆழ்ந்து இழுக்க அஞ்சினேன். தோள்களை முன்னே குறுக்கி, இடக் கையை மார்போடு அணைத்தபடியே நடந்தேன். படிக்கட்டு ஏறுவதைத் தவிர்த்தேன். மூன்று வயதுப் பெண் குழந்தை "தூக்குப்பா" என்று கை நீட்டும்போது விலகிப் போனேன். சில நாட்களில் அக்குழந்தை என்னிடம் கை நீட்டுவதையே நிறுத்திவிட்டது. மூன்று வாரங்கள் சென்றும் வலி குறையவில்லை. கழுத்தும் முதுகும் கூடச் சேர்ந்து வலிக்கத் தொடங்கின.

மீண்டும் அவ்வைத்தியரிடமே சென்றேன். இன்னொரு முறை ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, அவர் என்னை பிஸியோதெரபி என்று வழங்கும் இயன்முறை மருத்துவப் பகுதிக்கு அனுப்பினார். அங்கிருந்த இளம்பெண் என்னை மூச்சு விடச் சொல்லிப் பார்த்தாள். கைகளை உயர்த்தச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "சார், நீங்கள் பாதி மூச்சுதான் விடுகிறீர்கள். மூன்று வாரமாக மார்பை அசைக்கவே இல்லை. அசையாத மூட்டு இறுகத்தானே செய்யும்?" என்றாள். எனக்கு இதுவரை எவரும் சொல்லாத விளக்கம் அது. முதலில் வந்தது குருத்தெலும்பின் வலி. அதன் மேல் நானே ஏற்றிக் கொண்டது தசைகளின் இறுக்கம்.

இயன்முறை மருத்துவம்

உடற்பயிற்சியும் மருத்துவமே என்னும் கருத்து நம் சுற்றுவட்டாரத்துக்குப் புதிதன்று. சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரின் வரலாறு இதற்குச் சான்று. 1954ஆம் ஆண்டில் நேர்ந்த ஒரு கார் விபத்தில் முதுகுத் தண்டு சேதமுற்று அவருடைய கால்கள் செயலிழந்தன. அவர் மனம் தளரவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளர்களின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அக்கல்லூரியில் அதற்கென ஒரு துறையை முன்னின்று நடத்தினார். 1966ஆம் ஆண்டில் வேலூரில் மறுவாழ்வு நிலையமும் உருவாயிற்று. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர் அடைந்த துன்பத்தின் முன் என் விலா வலி கடுகளவும் ஆகாது. எனினும், சேதமுற்ற உடலையும் முறையாகப் பழக்கினால் அது நமக்குப் பணி செய்யும் என்ற பாடம் இருவர்க்கும் ஒன்றே.

திருப்பதியிலும் இவ்வசதிக்குக் குறைவில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் தோன்றிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிலையத்தில் இயன்முறை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. தேவஸ்தானத்தின் 'பர்ட்' மருத்துவமனை எலும்பு மூட்டு நோய்களுக்கும் மறுவாழ்வுக்கும் என்றே அமைந்தது. 2021ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம், இயன்முறை மருத்துவர் உள்ளிட்ட துணை மருத்துவத் தொழில்களின் கல்விக்கும் பதிவுக்கும் வரையறை வகுத்திருக்கிறது. ஆகையால் தெருவோரத்தில் எலும்பைச் சொடுக்கி எடுப்பவரிடம் மார்பை ஒப்படைக்க வேண்டுவதில்லை.

நான் கற்ற பயிற்சிகள்

இருதயமும் நுரையீரலும் நலமென்று வைத்தியர் சொன்ன பின்னரே இவற்றைத் தொடங்க வேண்டும். முதன்முறை பயின்றவர் ஒருவரின் முன்னிலையில் செய்வது நன்று.

முதலாவது, மூச்சுப் பயிற்சி. நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக் கொள்ளவும். மூக்கின் வழியே மெல்ல மூச்சை இழுத்தால் வயிறு முதலில் எழ வேண்டும். பின்னரே மார்பு விரிய வேண்டும். வலி தொடங்கும் எல்லையில் நிறுத்தி, மெல்ல விடவும். இவ்வாறு 5 முதல் 10 முறை. நாளாக ஆக அவ்வெல்லை தானே தள்ளிப் போவதைக் காணலாம்.

இரண்டாவது, நிலைவாசற் பயிற்சி. வாசற்படியில் நின்று, இரு முன்கைகளையும் நிலையின் இரு பக்கங்களிலும் ஊன்றி, ஒரு காலை மெதுவாக முன்னே வைக்கவும். மார்புத் தசை இழுபடுவது தெரியும். 15 முதல் 30 விநாடி வரை அப்படியே நின்று, பின் தளரவும். மூன்று முறை போதும். இழுப்பு இதமாக இருக்க வேண்டும். குத்தல் எழுந்தால் நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவது, தோள்பட்டைப் பயிற்சி. உட்கார்ந்தவாறே இரு தோள்பட்டை எலும்புகளையும் பின்னே ஒன்றையொன்று நோக்கிச் சேர்த்து, 5 விநாடி நிறுத்தி விடவும். பத்து முறை. குமாஸ்தாக்களுக்கும், தையல் இயந்திரத்தில் குனிந்திருக்கும் பெண்மணிகளுக்கும், கைபேசியில் கவிழ்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் இது மிக ஏற்றது.

நான்காவது, முதுகைத் திருப்பும் பயிற்சி. நாற்காலியில் அமர்ந்து கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, இடுப்பை அசைக்காமல் மேலுடலை மட்டும் இடமும் வலமும் மெல்லத் திருப்பவும். விலா எலும்புகள் பின்புறம் முதுகெலும்போடு கூடும் இடங்கள் தளர்வதற்கு இது உதவும் என்று அப்பெண் விளக்கினாள்.

இவற்றோடு, வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி 15 நிமிடம் ஒத்தடம் கொடுத்தேன். நீரிழிவினால் உணர்ச்சி மங்கியவர்கள் சூட்டில் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். இருமல் வரும்போது தலையணை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டால் வலி குறைகிறது. அரிசி மூட்டையையும் தண்ணீர்க் குடத்தையும் ஒரே தடவையில் தூக்காமல், சிறு பளுவாகப் பிரித்து, உடலோடு ஒட்டி எடுத்துச் செல்வது நலம். வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கி நாட்கணக்கில் விழுங்குவது தகாது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம் உடையோர்க்கு அவற்றுட் சில தீங்கு செய்யும். வைத்தியர் குறித்த மருந்தை, குறித்த நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும்.

இப்பயிற்சிகள் மந்திரம் அல்ல. இந்நோய்க்கு அவை எவ்வளவு பயன் தருகின்றன என்பது பற்றிய ஆராய்ச்சிகள் இன்னும் சிறியவையாகவே உள்ளன. காலமும் தன் பங்கைச் செய்கிறது. ஆயினும், வலியோடு வாளாவிருந்த மூன்று வாரங்களையும் பயின்ற ஆறு வாரங்களையும் ஒப்பிட்டால், என்னளவில் வேற்றுமை பெரிது.

மறவாமற் கொள்ள வேண்டியவை

இக்கட்டுரையைப் படித்துவிட்டு, 'அழுத்தினால் வலிக்கிறது. ஆகவே இது விலா வலிதான்' என்று எவரும் வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடலாகாது. அழுத்தினால் வலிக்கும் மார்பினுள்ளும் மாரடைப்பு நிகழ்வதுண்டு. மார்பைப் பாறை வைத்து அழுத்தியது போன்ற பாரம், இடக் கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம் ஆகியவற்றுள் எது கண்டாலும் ஒரு நிமிடமும் தாழ்த்தாமல் 108 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். பெண்களுக்கும் முதியோர்க்கும் நீரிழிவு உள்ளவர்க்கும் இக்குறிகள் தெளிவின்றியும் வரலாம். காய்ச்சல், இருமலில் இரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவற்றோடு மார்பு வலித்தால் அதுவும் உடனே காட்ட வேண்டியது. ஒரு பக்கமாக எரிந்து கொப்புளம் எழுந்தால் அது அக்கியாக இருக்கலாம்.

நம் வீட்டுப் பெண்டிரும் முதியோரும் சில தெலுங்குச் சொற்களையேனும் அறிந்திருத்தல் நலம். மார்பு வலிக்குச் 'சாத்தி நொப்பி' என்பர், இருதய வலிக்குக் 'குண்டெ நொப்பி', மூச்சுத் திணறலுக்கு 'ஆயாசம்', வியர்வைக்குச் 'செமட', இடப்பக்கத்துக்கு 'எடம'. தமிழில் ஆயாசம் என்றால் வெறும் களைப்பு. தெலுங்கு வைத்தியர் காதில் அது மூச்சு வாங்குதலாக விழும். களைப்பையும் திணறலையும் மாற்றிச் சொன்னால் சிகிச்சை திசை மாறிவிடலாம் அன்றோ? இச்சொற்களை ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள் என் மனைவி. நான் பணியிலிருக்கும் இரவுகளில் அவளும் குழந்தையும் தனியே இருப்பவர்கள்.

இப்போது என் வலி ஏறக்குறைய நீங்கிவிட்டது. மழைநாளில் நெடுநேரம் குனிந்திருந்தால் மட்டும் இலேசாகத் தலைகாட்டும். எழுந்து நிலைவாசலில் நின்றால் அடங்கிவிடும். பயிற்சி தொடங்கிய ஐந்தாம் வாரத்தில் ஒரு மாலை, குழந்தையை நானே அழைத்துத் தூக்கினேன். சிறிது வலித்தது. ஆயினும் இறக்கிவிடவில்லை.

அன்பர்களே, என் தந்தையார் வலியை அற்பமென்று எண்ணினார். நாங்களும் அவ்வாறே எண்ணி அவரை இழந்தோம். நானோ, அற்பமான வலியைப் பெரிதென்று எண்ணி மூன்று வாரங்கள் முடங்கிக் கிடந்தேன். இரண்டும் அறியாமையே. வலி வந்தவுடன் தயங்காமல் சோதித்துக் கொள்ளுங்கள். இருதயம் நலமென்று தெரிந்தபின் அச்சத்தைக் களைந்து உடலை முறையாக இயக்குங்கள். இந்த ஒழுங்கை மாற்றாமல் கடைப்பிடித்தால் நம் குடும்பங்களுக்கு நன்மை விளையும் என்பது என் உறுதியான நம்பிக்கை.